பீகிள் மேல் என்ன தப்பு?

பீகிள் என்றதும் நிறைய பேருக்கு ஸ்னூப்பிதான் ஞாபகம் வரும். 1950-ல் சார்லஸ் ஷூல்ஸ் ஆரம்பித்த 'பீனட்ஸ்' காமிக்ஸில் கூரை மேல் மல்லாந்து படுத்துக் கனவு காண்கிற அதே நாய். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு குட்டியை வாங்கி வருகிறவர்கள் கொஞ்ச நாளில் புலம்ப ஆரம்பித்து விடுகிறார்கள். ஓயாமல் கத்துகிறது, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கிறது...

இவை எதுவும் அந்த நாயாகப் பழகிக்கொண்ட கெட்ட பழக்கம் இல்லை. எல்லாம் மனிதன் தேடித் தேடிச் சேர்த்த குணங்கள்.

பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். 1830-களில் எஸ்ஸெக்ஸில் பிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் வைத்திருந்த நாய்க்கூட்டம்தான் இன்றைய பீகிளுக்கு அடிப்படை என்று சொல்வார்கள். இந்த வேட்டைக்குக் குதிரை கிடையாது. ஆட்கள் நடந்தும் ஓடியும் பின்னால் வருவார்கள். நாய்கள் எங்கேயோ முன்னால், புதருக்குள் இருக்கும். எங்கே இருக்கின்றன என்று எப்படித் தெரியும்? குரலை வைத்துத்தான்! அதனால் மோப்பம் கிடைத்ததும் நீளமாக இழுத்துக் கத்துகிற நாய்க்குத்தான் மதிப்பு. வால் நுனியில் இருக்கும் வெள்ளைகூட உயரமான புல்லுக்குள் அடையாளம் தெரிவதற்குத்தான். மோப்பத்தை விட்டுவிட்டு எஜமான் முகத்தைப் பார்க்கிற நாயால் அங்கே பிரயோஜனம் இல்லை. இப்படிப் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, இப்போது அபார்ட்மென்டில் "சத்தம் போடாதே" என்றால் அது எங்கே போகும்?

மூக்கு விஷயத்தில் இது சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு எலியை விட்டுப் பார்த்தார்கள். பீகிள்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தன. ஃபாக்ஸ் டெரியர்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1984 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழம், இறைச்சியை மோப்பம் பிடிக்கவும் பீகிளைத்தான் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு ராமன் என்பதால் பழக்குவதும் சுலபம். (வீட்டில் அதே குணத்தால்தான் உடம்பு போட்டுவிடுகிறது.)

இதுவரை சொன்னது வாங்குகிறவர்களின் புலம்பல். பீகிளின் உண்மையான துயரம் வேறு. கூட்டமாக ஒரே கொட்டடியில் சண்டை போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதைச் சாதுவாக வளர்த்தார்கள். சிறிய உருவம், 15 அங்குல உயரம்தான். வலித்தாலும் சட்டென்று கடிக்காது. மருந்து சோதனைக் கூடங்களுக்கு இதைவிட வசதியான நாய் கிடைக்குமா? சோதனைகளில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் நாய் இனம் பீகிள்தான். நல்ல நாய் என்பதற்குக் கிடைத்த பரிசு!

2022-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், சோதனைக் கூடங்களுக்கு விற்பதற்காக நாய் வளர்த்த ஒரு பண்ணையிலிருந்து சுமார் 4,000 பீகிள்களை கோர்ட் உத்தரவோடு மீட்டார்கள். அழுக்குத் தண்ணீர், கெட்டுப்போன தீனி, சரியான வைத்தியம் கிடையாது. அதை நடத்திய நிறுவனங்கள் 2024-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3.5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தன. அந்த நாய்களோ, இத்தனைக்குப் பிறகும், தூக்க வந்தவர்களின் முகத்தை நக்கின.