புள்ளி விட்டுப்போனால்

ஓசூர், சூளகிரி பக்கத்துப் பட்டறைகளில் சிஎன்சி லேத் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். ஃபனுக் கன்ட்ரோலில் ‘எக்ஸ்50.’ என்று புள்ளியோடு அடித்தால் 50 மில்லிமீட்டர். புள்ளியை விட்டால், வழக்கமான அமைப்பில் வெறும் 50 மைக்ரான். 3401-ஆம் பாராமீட்டரை மாற்றி வைத்த மெஷினிலோ அதுவே மறுபடி 50 மில்லிமீட்டர். ஒரே புரோகிராம், அடுத்தடுத்த மெஷினில் இரண்டு அர்த்தம்! இரண்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடும். டூல் போய் ஜாபில் இடித்த பிறகுதான் தெரியும்.

கணினி மொழிகளில், ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்று பார்க்கும் வகைச் சோதனை தளர்வாக இருப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பதை மெஷினே ஊகித்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்டில், எழுத்தாக வந்த ‘40’உடன் 5-ஐக் கூட்டினால் 405, கழித்தால் 35. 2012-இல் மைக்ரோசாஃப்ட், ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்த பிறகு, இத்தகைய பல பிழைகள் ஓடுவதற்கு முன்பே பிடிபடுகின்றன.

கண்டிப்பான மொழி இருந்தும் காப்பை நாமே கழற்றினால் பயனில்லை. 1996-இல் ஏரியன் 5 ராக்கெட்டின் நிரல் அடா என்ற கண்டிப்பான மொழியில்தான் இருந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டில் அடைக்கும் இடத்தில், செயலியின் சுமைக்குப் பயந்து காப்பை விட்டுவிட்டார்கள். கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது.

ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போடும் ஸ்கிரிப்ட் எப்படியும் இருக்கட்டும். இரும்பைத் தொடும் எண்ணுக்குச் சலுகை கூடாது. புரோகிராமை மெஷினில் ஏற்றும் முன், புள்ளி விட்டுப்போன எண்களைப் பிடித்து நிறுத்தும் சின்ன பைதான் நிரலை எந்தப் பட்டறையும் இந்த வாரமே எழுதிக்கொள்ளலாம்.