கில்கமெஷ் தோற்கவில்லை

மெசபடோமியக் காவியத்தின் நாயகன் கில்கமெஷைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், சாகாவரம் தேடிப்போய்த் தோற்றவன்" என்றே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை.

உயிர் நண்பன் என்கிடு நோயில் இறந்ததும், அடுத்தது நாம்தானே என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஊருக் நகரத்தின் அரசன், குடிமக்களை விட்டுவிட்டுக் காடு, கடல் என்று அலைந்தான். வயிறாரச் சாப்பிடு, குளி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள் என்று மதுக்கடைக்காரி சிதூரி வழியிலேயே சொன்னாள் (பழைய பாபிலோனியப் பிரதியில் இது இருக்கிறது). கேட்கவில்லை.

நீருக்கடியில் இளமை தரும் செடி கிடைத்தபோது என்ன நினைத்தான் தெரியுமா? முதலில் ஒரு கிழவனுக்குக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று! நம்மைப் போன்றவர்கள்தான் அவனுக்குச் சோதனை எலி. பாம்பு அதைத் தூக்கிக்கொண்டு போனது நல்லதாய்ப் போயிற்று. செடி போனபிறகுதான் ஊர் திரும்பி, படகோட்டிக்குத் தன் நகரின் மதிலைக் காட்டுகிறான். தோற்றவனா இப்படிக் காட்டுவான்?

எனக்கு வயது 74. நூறு வயது வாழ லேகியக் குறிப்பு அனுப்பும் நண்பர்களே, போன வருடம் நம்மோடு நடக்க வந்தவர் இன்று இல்லை. பயம் எனக்கும் உண்டு. ஆனால் மாலையில் பேத்தி கையை நீட்டுகிறாள். அதை விட்டுவிட்டு எந்தச் செடியைத் தேடிப் போவது?