தீமை எங்கே நிற்கிறது? ஆங்கிலத் தீப்பொருள் தொகைகளும் தமிழாக்கமும்

ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்குவோரிடையே ஒரு கொள்கை நெடுங்காலமாகக் கேள்வியின்றி நிலவி வருகிறது. ஆங்கிலச் சொல்லின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு தமிழ் உறுப்பை நிலையாக வரையறுத்துக்கொண்டால், அவ்வுறுப்புகள் கூடி அமையும் சொற்கள் அனைத்தையும் ஐயமின்றிப் பெயர்த்துவிடலாம் என்பதே அது. வேதியியலிலும் கணிதத்திலும் இக்கொள்கை நற்பயன் விளைத்திருப்பதை மறுப்பதற்கில்லை. 'மோனோ', 'டை', 'டிரை' ஆகிய முன்னொட்டுகளுக்கு எண்ணுப்பொருளன்றி வேறு பொருளில்லை. ஆயின் குற்றம், கேடு, இழிவு ஆகியவற்றை உணர்த்தும் தொகைச்சொற்களுக்கும் இதே அளவுகோலை நீட்டியது பெரும் பிழையாகும். அத்தொகைகளில் தீமை எந்த உறுப்பில் நிற்கிறது என்று வினவாமலே உறுப்புக்கு உறுப்பு மாற்றீடு செய்வது, பொருளைச் சிதைப்பதோடு சில இடங்களில் தீமையையே மறைத்துவிடுகிறது.

இவ்வினாவை எழுப்பப் பிறமொழி மொழியியல் நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தொகைச்சொற்களின் பொருள் எங்கே சிறந்து நிற்கும் என்பதைத் தொல்காப்பிய எச்சவியல் நான்காக வகுத்துரைத்துள்ளது. முன்மொழியில் நிற்பதும், பின்மொழியில் நிற்பதும், இருமொழியிலும் ஒருங்கே நிற்பதும், இரண்டிலும் நில்லாது புறத்தே வேறொரு மொழியில் நிற்பதும் அந்நான்காம். தொகைகளை வேற்றுமைத்தொகை முதலாக எண்ணிப் பெயர் சூட்டும் பகுதியை மாணவர்க்குக் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், இப்பகுதியைத் தேர்வுக்குரிய நெட்டுருவாகவே விட்டுவைத்துள்ளன. ஆங்கிலத் தீப்பொருள் தொகைகளை ஆராய இதனினும் கூரிய கருவி கிடைப்பது அரிது.

தீமை புறத்தே நிற்பவற்றை முதலில் நோக்கலாம். 'பிக்பாக்கெட்', 'கில்ஜாய்', 'டர்ன்கோட்', 'கட்த்ரோட்' என வினையும் பெயரும் இணைந்து ஆளைக் குறிக்கும் ஆங்கிலத் தொகைகளுள் பெரும்பாலானவை இழிவுப் பொருளன. பறிப்பவன், கெடுப்பவன் என்னும் வினைமுதல் சொல்லில் இல்லை. அன்மொழியாய்ப் புறத்தே நிற்கிறான். தமிழோ அவனைச் சொல்லுக்குள்ளேயே நிறுத்துகிறது. 'முடிச்சவிழ்க்கி' என்பதன் இறுதி இகரம் வினைமுதலைக் காட்டும் விகுதியாகும். அதே இகரம் 'விறகுவெட்டி', 'வழிகாட்டி' என நற்றொழில் செய்வாரையும் குறிக்கும். எனவே ஆங்கில அமைப்பிலேயே தோய்ந்திருக்கும் இழிவு, தமிழ் அமைப்பில் தானாக வந்துவிடாது. சொற்களைத் தேர்ந்துதான் அதனைக் கொண்டுவர வேண்டும். 'கட்த்ரோட்' என்பதைக் 'கழுத்தறுப்பு' எனப் பெயர்த்துக் 'கழுத்தறுப்புப் போட்டி' என்று வணிகப் பாடத்தில் எழுதினால் என்ன ஆகும்? தமிழர் வழக்கில் கழுத்தறுப்பு என்பது நம்பவைத்துக் கெடுப்பதையோ, பேசிப் பேசிச் சலிப்பூட்டுவதையோ குறிக்கும். ஈவிரக்கமற்ற போட்டி என்னும் பொருள் அங்கே தோன்றாது. மாணவர் சிரிப்பே மிஞ்சும்.

'பிளாக்மெயில்' என்பதில் உறுப்புகளே பொய்த்துப்போகின்றன. அதன் பின்மொழிக்கும் அஞ்சலுக்கும் தொடர்பில்லை. அது ஸ்காட்லாந்து வழக்கில் வாரம், திறை என்னும் பொருளுடைய பழஞ்சொல். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லைப்புறத்தில் கொள்ளையர்க்கு உழவர் செலுத்திய காவற்பணத்தைக் குறித்தது. 'மிரட்டிப் பணம் பறித்தல்' என விரித்துரைத்த தமிழர் உறுப்புகளை நோக்கவில்லை, செயலை நோக்கினர்.

முன்மொழியில் கருமை நிற்கும் பிற தொகைகள் தனியே ஆராயத்தக்கன. 'பிளாக் மார்க்கெட்' என்பதை இந்தி 'காலாபஜார்' என்றும், வங்காளம் 'காலோபாஜார்' என்றும், தெலுங்கு 'நல்லபஜாரு' என்றும், கன்னடம் 'காளசந்தெ' என்றும், மலையாளம் 'கரிஞ்சந்த' என்றும் நிறத்தோடு ஏற்றுக்கொண்டன. தமிழ் வழக்கு 'கள்ளச்சந்தை' என்றது. கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளவோட்டு எனச் சட்டத்தை ஏய்ப்பவற்றிற்குத் தமிழ் ஏற்கெனவே வைத்திருந்த வரிசையில் அச்சந்தையும் போய் அமர்ந்தது. இவ்வளவு தெளிவான முன்மாதிரி இருந்தும், 'பிளாக் மனி' வந்தபோது 'கறுப்புப் பணம்' என்று எழுதத் தலைப்பட்டது ஏன் என்பது விளங்கவில்லை. மழைமுகிலைக் 'கார்' என்று போற்றி, மாயோனையும் கருப்பசாமியையும் வணங்கும் மக்களுக்குக் கருமை இயல்பாகவே தீமையன்று. கரிநாள் என்று பஞ்சாங்கம் கூறவில்லையா என்று கேட்போர் உளர். கூறுகிறது, ஆயினும் ஒரு கரிநாளைக் கொண்டு நிறம் முழுவதையும் குற்றக்கூண்டில் ஏற்ற இயலாது. 2015ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் தன் பெயரில் 'பிளாக் மனி' என்னும் தொடரைக் கொண்டிருப்பினும், அடைப்புக்குறிக்குள் 'வெளிப்படுத்தாத அயல்நாட்டு வருவாய்' என்றே பொருளை வரையறுக்கிறது. தமிழ் நாளிதழ்களில் வழங்கும் 'கணக்கில் வராப் பணம்' என்பது அவ்வரையறைக்கே நெருக்கமானது.

'மால்நியூட்ரிஷன்' என்பதன் தமிழாக்கம் இதனினும் கேடு பயப்பது. இது முன்னொட்டுச் சொல்லேயன்றித் தொகையன்று என இலக்கணம் பேசி ஒதுக்கிவிட இயலாது. பெயர்ப்போர் இரண்டையும் ஒரே முறையிலேயே கையாளுகின்றனர். இச்சொல்லின் 'மால்' என்னும் உறுப்புக்குத் 'தீய', 'முறைகெட்ட' என்பன பொருள். 'குறைந்த' என்பது பொருளன்று. ஆயினும் பாடநூல்களிலும் நலத்துறை வெளியீடுகளிலும் அது 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்றே வழங்குகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் உணவுக்குறைவையும், நுண்சத்துக் குறைவையும், மிகையெடையையும் உடற்பருமனையும் இவ்வொரு சொல்லின்கீழ் அடக்குகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களுள் எடை குறைந்தோர் 18.7 விழுக்காடு, மிகையெடையோ உடற்பருமனோ உடையோர் 24.0 விழுக்காடு. 'குறைபாடு' என்னும் சொல் முன்னவரை மட்டுமே காட்டி, அவரினும் மிக்க தொகையினரான பின்னவரை மறைத்துவிடுகிறது. சீர்கேடு, முறைகேடு, மதிகேடு என்னும் வரிசையில் 'ஊட்டக்கேடு' என்று கூறின் குறைவும் மிகையும் ஒருங்கே அடங்கும். இங்குத் தமிழ், தீமையை முன்மொழியினின்று பின்மொழிக்கு மாற்றி நிறுத்துகிறது. அதனால் பொருளுக்கு இழப்பில்லை.

உறுப்புக் கொள்கையை மீறிப் பிறந்த நற்சொல்லுக்கு 'வாராக்கடன்' சான்றாகும். 'பேட் டெப்ட்' என்று ஆங்கிலம் கடனுக்குப் பண்பு கற்பிக்க, தமிழ் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தால் நடந்ததைக் கூறுகிறது. 'கெட்ட கடன்' என்று ஒருவரும் எழுதத் துணியாதது நற்பேறே. ஆனால் இச்சொல்லையே வங்கிகளின் 'செயல்படாச் சொத்து'க்கும் வழங்குவது பொருந்தாது. வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் அவ்வகையில் சேர்க்கப்படும் என்னும் நெறி 2004 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு சேர்க்கப்பட்ட கடன் பின்னர் வரவும் கூடும். வரக்கூடியதை வாராதது என்று முடித்துக் கூறுவது கடன்பட்டோனுக்கும் வங்கிக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதி.

'ஸ்கேப்கோட்' என்னும் சொல் 1530இல் டின்டேல் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் படைத்தது. லேவியராகமத்துச் சடங்கில் இரண்டு ஆடுகள் உள. ஒன்று பலியாகும், மற்றொன்று மக்களின் பாவத்தைச் சுமந்து உயிரோடு காட்டுக்குப் போக்கப்படும். தமிழ் விவிலியம் இரண்டாவதைப் 'போக்காடு' என்று நுட்பமாகப் பெயர்த்தது. வழக்கில் வென்றதோ 'பலிகடா'. அஃதாவது, முதல் ஆடு. இனி இதனை மாற்ற முயல்வது வீண்வேலை.

மேற்கூறியவற்றில் நேர்வது பெரும்பாலும் பொருட்பிழை. இறுதியாக நோக்க வேண்டிய இரு தொகைகளிலோ அறப்பிழையே நேர்கிறது. 'ஈவ் டீசிங்' இந்திய ஆங்கிலத்தின் படைப்பு. முன்மொழி ஆதிப்பெண்ணின் பெயர், பின்மொழி விளையாட்டுச் சீண்டல். இரண்டிலும் தீமை இல்லை. தீமை முற்றிலும் புறத்தே நிற்கிறது. அன்மொழித்தொகைக்கு இத்தகைய எடுத்துக்காட்டு அமைந்தது கேடுகாலமே. தமிழில் இது 'பெண்களைக் கேலி செய்தல்' ஆயிற்று. இடக்கரடக்கல் என்பது அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறும் தகுதிவழக்கு; நாணத்தின்பாற்பட்டது. இங்கு நாணுவதற்குரியவன் குற்றம் புரிந்தவன். மறைப்பின் பயனைப் பெறுபவனும் அவனே. தமிழ்நாட்டில் 1998இல் ஈவ் டீசிங் தடைக்கென இயற்றப்பட்ட சட்டம், பின்னர் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2012இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 'ஈவ் டீசிங்' என்பது மெய்யை மென்மையாக்கும் சொல் என்று சுட்டியது. சட்டம் கைவிட்ட சொல்லைத் தமிழ் உரைநடை 'கேலி', 'கிண்டல்' என்று இன்னும் பேணுவது வெட்கத்திற்குரியது.

'ஹானர் கில்லிங்' என்பதில் தீமை பின்மொழியில் வெளிப்படையாக நிற்கிறது. கேடு முன்மொழியில் உள்ளது. அது கொலைக்குப் புகழ்மொழி சூட்டுகிறது. உறுப்புக் கொள்கையினர் இதனைக் 'கௌரவக் கொலை' என்றனர். தெலுங்கில் 'பருவு ஹத்ய' என்பதும் அவ்வாறே. மலையாளத்தார் 'துரபிமானக்கொல' என்றும், கன்னடத்தாருள் ஒருசாரார் 'மர்யாதெகேடு ஹத்யெ' என்றும் முன்மொழியைத் திருத்திக்கொண்டனர். தமிழில் 'ஆணவக் கொலை' எழுந்தது. இது மொழிபெயர்ப்பன்று, கருத்துத் திணிப்பு. மூலம் கூறாத தீர்ப்பைப் பெயர்ப்போன் கூறலாகாது என்று மறுப்போர் கல்வியாளருள் இன்றும் உளர். அவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. 'கௌரவம்' என்பதும் ஒரு தீர்ப்பே. அத்தீர்ப்பை வழங்கியவன் கொலைஞன்.

அகப்பாடல் ஒன்றைக் கையில் எடுத்த தமிழறிஞர் முதலில் வினவுவது, இது யார் கூற்று என்பதே. தலைவன் கூற்றைத் தோழி கூற்றாகக் கொண்டு உரை எழுதுவோரை மாணவரும் பொறுப்பதில்லை. 'ஹானர் கில்லிங்' கொலைஞன் கூற்று. 'ஈவ் டீசிங்' சீண்டுவோன் கூற்று. இக்கூற்றுகளை எவர் கூற்றுமல்லாத பொதுச்சொற்கள் எனக் கொண்டு சொற்பட்டியலில் ஏற்றிவிட்டு, நடுநிலை பேசுவது முரண்பாடாகும். கலைச்சொல் தொகுக்கும் குழுக்கள் ஆங்கிலத் தலைச்சொல்லின் எதிரே தமிழ்ச்சொல்லை மட்டும் அச்சிடாது, அத்தலைச்சொல் எவர் வாய்ச்சொல் என்பதையும் ஒரு வரியில் குறிப்பதற்குத் தடை ஏதுமில்லை. தாள் சிறிது கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.