"எக்ஸ்ப்ளெயின்டு"னு எழுதிட்டா விளங்கிருமா?

ஆபரேஷனுக்குப் போற எந்த கேஸ் ஷீட்டையும் புரட்டிப் பாருங்க. ஒரு வரி தவறாம இருக்கும்: "நோயின் தன்மையும் ஆபத்தும் உறவினருக்கு எக்ஸ்ப்ளெயின் செய்யப்பட்டது." கீழே ஒரு கையெழுத்து, இல்லன்னா கைநாட்டு. அந்த ஒத்தைச் சொல்லைப் பத்தித்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். சக டாக்டர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

லத்தீன்ல "பிளானுஸ்"னா மேடு பள்ளம் இல்லாத சமதரை. "எக்ஸ்பிளானாரே"ன்னா நிரவுறது, மட்டமாக்குறது. அதுல இருந்து 15ஆம் நூற்றாண்டு வாக்குல ஆங்கிலத்துக்குள்ள வந்ததுதான் எக்ஸ்ப்ளெயின். எனக்குத் தெரிஞ்சதை ஒப்பிச்சுட்டுப் போறது இல்லங்க அது. எதிர்ல இருக்கிறவர் தடுக்கி விழாம நடந்து வர்ற மாதிரி வழியை நிரவுறது. கிளாரிஃபை, எலுசிடேட் எல்லாம் வெளிச்சத்தோட சம்பந்தப்பட்ட சொற்கள். இது மண்வெட்டி பிடிக்கிற சொல்.

நம்ம தமிழ்ச் சொல் இன்னும் கறாரானது. பல் விளக்குறோம், பாத்திரம் விளக்குறோம். அழுக்கு போற வரைக்கும் தேய்க்கிறதுக்கும் விளக்குதல்னுதான் பேரு. அதுக்கு ஜோடி "விளங்குதல்". விளக்குறது டாக்டர் வேலை, விளங்குறது நோயாளிக்கு நடக்கணும். கேஸ் ஷீட்ல முதல் பாதி மட்டும் பதிவாகுது. "நோயாளிக்கு விளங்கியது"ன்னு யாராவது எழுதிப் பார்த்திருக்கீங்களா?

பல ஆஸ்பத்திரிகள்ல இந்தச் சம்மதப் படிவமே இங்கிலீஷ்ல இருக்கு. அதுல "எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது"ங்கிற வரியும் இங்கிலீஷ்லதான்! ராஜபாளையத்துல பல வீடுகள்ல பேசுறது தெலுங்கு. அந்தப் பாட்டிக்கு இங்கிலீஷ் படிவத்தை நீட்டி, தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லி, கட்டைவிரலைப் பிடிச்சு மையில அமுக்குறதுக்குப் பேரு விளக்கமா?

"அவங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது டாக்டர்" என்பாங்க. பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பாருங்க. திருப்பாவை 30 பாட்டுதான். அதுக்கு மார்கழி முழுக்க, நாளுக்கு ஒரு பாட்டா விளக்கம் சொல்றாங்க. பெரியவாச்சான் பிள்ளை எழுதின உரைக்கு மூவாயிரப்படினு பேரு, அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் எழுதினது ஆறாயிரப்படி. உரையோட நீளத்தை வச்சே பேரு. படிக்காத கிழவிகளும் உட்கார்ந்து கேட்டு, மறுநாள் பேத்திக்குச் சொல்ற ஊர் இது. அவங்களுக்குக் கர்ப்பப்பையை ஏன் எடுக்கிறோம்னு சொன்னா மட்டும் புரியாதாம்.

இன்னொண்ணு, "உறவினருக்கு"ங்கிற சொல். சமீரா கோலி வழக்குல 2008 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லிருச்சு. பரிசோதனைக்குன்னு மயக்கம் கொடுத்த ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதப்போ, வயசுக்கு வந்த நோயாளி கண் முழிக்கிற வரைக்கும் காத்திருந்து அவர்கிட்டயே கேட்டிருக்கணும்னு தீர்ப்பு. என்ன சிகிச்சை, எதுக்கு, என்ன பலன், வேற வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யலைன்னா என்ன ஆகும்னு எல்லாம் சொல்லணும். ஆனா இன்னைக்கும் பொம்பளைக்கு ஆபரேஷன்னா புருஷனைத்தான் தேடுறோம்.

ஆபரேஷன் மட்டும் இல்லங்க. டிபி மாத்திரையில இருக்கிற ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமா மாத்தும். முதல் நாளே சொல்லலைன்னா, ரத்தம் போகுதுன்னு பயந்து மனுஷன் மாத்திரையை நிறுத்திருவார். இருமல் நின்னதும் நிறுத்துறவங்க தனி. 6 மாசம் எதுக்குன்னு விளங்கியிருந்தா நிறுத்துவாங்களா? மருந்துக்கு அடங்காத டிபியோட அவர் திரும்பி வரும்போது நாம எழுதுறது என்ன? "நோயாளி ஒத்துழைக்கவில்லை."

ஓபி வரிசை வாசலைத் தாண்டி நிக்குது, நேரம் எங்க இருக்குன்னு கேட்கலாம். நியாயம்தான், நானும் அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கேன். அப்போ விளக்கிச் சொல்ல ஆள் போடுன்னு அரசாங்கத்துகிட்ட கேட்போம். நேரம் இல்லாததுக்காக, நடக்காததை நடந்ததா எழுதக்கூடாது. எல்லாம் சொன்ன பிறகு, "வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. ஒரு நிமிஷம் போதும். அவர் சொல்ற பதில்ல எந்த இடத்துல மேடு இருக்கு, எங்க பள்ளம்னு தெரிஞ்சுரும்.

படிக்கிற உங்களுக்கு: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, "டாக்டர், எனக்கு இன்னும் வெளங்கலை, திருப்பிச் சொல்லுங்க"ன்னு கூச்சப்படாம கேளுங்க. டாக்டர் முகம் சுளிச்சாலும் கேளுங்க. ஆனா நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவத்துல ரத்தப்போக்கு மாதிரி நேரத்துல முதல்ல சிகிச்சை நடக்கட்டும். நீங்க கேட்க வேண்டியதை மறுநாள் ரவுண்ட்ஸ்ல பிடிச்சு நிறுத்திக் கேட்டுக்கலாம்.