வயலில் நிறுத்திய யூரியா கட்டிலில் எதற்கு?

யூரியா மூட்டையை வயலுக்குள் விடுவதில்லை என்று உறுதியாக இருக்கிறோம். ஆனால் புது வீடு கட்டும்போதும், மகளுக்குச் சீர் வாங்கும்போதும் அதே யூரியா வேறு வேஷத்தில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. எப்படி என்கிறீர்களா?

கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கட்டில், அலமாரிகளில் பெரும்பாலானவை முழு மரம் அல்ல. மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே மர வரி அச்சிட்ட தாள். அந்தப் பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அது ஃபார்மால்டிஹைடு வாயுவாக இருக்கலாம். இது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முடிவு செய்துவிட்டது. வாயு குறைவாக வெளிவிடும் இ1 ரகப் பலகையும் உண்டு. வாங்கியே ஆக வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையை நம் திருவள்ளூர் மாவட்டம் மறக்காது. ஒருமுறை ஊறினால் இந்தப் பலகை உப்பிவிடும். காய வைத்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகாணியும் பிடிக்காது. தச்சர் கையில் கொடுத்தும் பயனில்லை, குப்பைதான்.

மூன்றாவது, வட்டி. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது. 2013-லேயே ரிசர்வ் வங்கி இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று வங்கிகளைத் தடுத்தது. கணக்கைப் பாருங்க: ரொக்கத்துக்கு 22,000 ரூபாய் என்றால் தரும் கட்டில், தவணையில் மாதம் 2,000 வீதம் 12 மாதம். முதலிலேயே 500 ரூபாய் கட்டணம். இது ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும் வட்டி!

சரி, என்ன செய்யலாம்? வரப்பில் நிற்கும் வேம்பு, பூவரசு, வாகையை விறகு வியாபாரியிடம் எடைக்குப் போடுகிறோம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மரத்தூள் கட்டில் வாங்குகிறோம். முற்றிய மரத்தை அறுத்து, பலகைகளுக்கு இடையே சட்டம் கொடுத்து நிழலில் அடுக்கி, பல மாதம் ஆறவிட்டு ஊர் தச்சரிடம் கொடுங்கள். செதுக்கு வேலை வேண்டாம்; நாலு கால், சட்டம், பலகை போதும். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய். தேக்கு, ஈட்டி, சந்தனம் என்றால் மட்டும் வெட்டுமுன் வனத்துறை விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் எல்லோரிடமும் இருக்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து வாடகை வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இரும்புச் சட்டத்தில் நாடா பின்னிய கட்டில் போதும். வீடு மாறினாலும் கூடவே வரும், பழசானால் எடைக்காவது போகும். அறுந்தால் நாடாவை மட்டும் மாற்றலாம்.

நாளைக்கும் மரம் வேண்டுமே. வேளாண்மைத் துறை 2021-22 முதல் பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசமாக மரக்கன்று தருகிறது. இந்த மழைக்கே வரப்பில் வையுங்கள். பேரப்பிள்ளை கல்யாணத்துக்குக் கட்டில் தயாராக இருக்கும். கடைக்காரரிடம் தவணை கேட்க வேண்டியதில்லை.