மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

சங்கங்களின் கணக்கை ஆராய்வது எம் கடமை. ஆதாரச் சீட்டில்லாத செலவு பத்து ரூபாயாயினும் நாம் ஏற்பதில்லை. ஆனால் அங்கத்தினர் பலர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைக்கு எவ்விதச் சீட்டும் இல்லை.

சென்ற கோடையில் இளம்பிள்ளைப் பக்கம் ஆய்வுக்குச் சென்றிருந்தேன். குழித்தறியில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து இரு மாத்திரைகளைக் காட்டினார். “இடுப்பு வலிக்குங்க, கடையில குடுத்தாங்க” என்றார். பெயர் அறியார். அட்டையைத் துண்டித்துக் கொடுத்தமையால் காலாவதித் தேதியும் இல்லை. எத்தனை நாளாக என்று வினவினேன். “தறியில உக்கார்ற நாளெல்லாம்” என்றார்.

குச்சிக்கிழங்குக் காட்டில் பாடுபடுவோர் நிலையும் இதுவே. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். வெயிலில் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு அபாயம் மிகுதி. இவை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவை. அட்டையின் இடப்புறத்துச் சிவப்புக்கோடு அதற்கு அடையாளம்.

சீட்டின்றிக் கிடைக்கும் பாராசிட்டமாலுக்கும் அளவுண்டு. நல்ல உடல்நிலையுள்ள பெரியவர்க்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. குடிப்பழக்கமும் ஈரல் நோயும் உள்ளோர்க்கு அதுவும் மிகை. சளி மாத்திரைகள் பலவற்றுள்ளும் இதே மருந்து கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என விழுங்குவது, பேரேட்டில் ஒரே தொகையை இருமுறை பதிவது போன்ற பிழை. ஏட்டுப் பிழையைத் திருத்தலாம். ஈரல் கெட்டால் திருத்துவது எளிதன்று.

பெரியவர் மாத்திரையைக் கிள்ளிக் குழந்தைக்குக் கொடுத்தலும் தகாது. நிமெசுலைடு என்னும் வலி மருந்து 12 வயதுக்குட்பட்டோர்க்கு 2011இல் தடை செய்யப்பெற்றது.

2025 பிப்ரவரி 24ஆம் நாள் தமிழகமெங்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. அவற்றுள் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. விலைக்குறைவு நன்றே, எனினும் அதுமட்டும் கூட்டுறவு ஆகாது. சீட்டில்லாதவரிடம் “தர இயலாது, மருத்துவரைக் காணுங்கள்” என்று சொல்லும் துணிவே அதன் உயர்வு. விற்பனை குறையுமே என்று நிர்வாகிகள் அஞ்ச வேண்டா. அங்கத்தினர் நலமே சங்கத்தின் மூலதனம்.

அங்கத்தினரும் மூன்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்: அட்டையோடும் ரசீதோடும் வாங்குக, நிறத்தையன்றி மருந்தின் பெயரைப் படித்தறிக, அல்லது பள்ளி செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுக, மூன்று நாளில் தீராத வலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுக.

தறியில் ஓர் இழை அறுந்தால் நிறுத்தி முடிந்த பின்னரே மேலே நெய்கிறோம். உடம்பு வலியால் அறிவிக்கும்போதும் சற்றே நிறுத்திக் காரணம் காண்போமாக.