விஷம் முறிந்த பிறகு

பூச்சிக்கொல்லி விஷத்திலிருந்து தப்பிவிட்டார் என்று நினைத்தவர் நாலைந்து நாளில் நிமோனியாவில் இறந்துபோவதுண்டு. "விஷம் முறிந்துவிட்டது என்றார்களே!" என்று உறவினர்கள் திகைக்கிறார்கள்.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகளைப் பலிகொண்ட மோனோகுரோட்டோபாஸ், ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது. இந்த விஷம் உடலில் ஏறினால் எச்சில் பெருகும், மூச்சுக்குழாயில் சளி நிறையும், வாந்தி வரும், நினைவு மங்கும். விழுங்கவும் இருமவும் உதவும் தசைகள் தளர்ந்துவிடும். இருமல்தான் நுரையீரலுக்குக் காவல். அது ஓய்ந்த நேரத்தில் இரைப்பையிலிருந்து மேலே வருவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான். மூச்சுப் பாதையைப் பாதுகாக்காமல் இரைப்பையைக் கழுவினாலும் இதே கதிதான்.

அடுத்து வருவது ரைல்ஸ் டியூப். மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் இந்தக் குழாயில்தான் மருந்தும் உணவும் செலுத்தப்படுகின்றன. 'டியூப் இருக்கிறது, இனி புரையேறாது' என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உணவுக்குழாயின் அடியில் உள்ள இறுக்கமான வாயில், குழாய் கிடக்கும்போது சரியாக மூடாது. முறிவு மருந்தான அட்ரோபின் இரைப்பையின் அசைவைக் குறைப்பதால் ஊற்றிய கஞ்சி அங்கேயே தேங்கும். குழாய் இடம் மாறியிருந்தாலோ உணவு நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய சோதனை ஏமாற்றக்கூடும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையும் எக்ஸ்ரேயும்தான் நம்பகமானவை.

கூட்டம் நிறைந்த நம் வார்டுகளில் குழாயில் பாலும் கஞ்சியும் ஊற்றுவது பெரும்பாலும் தாயோ மனைவியோதான். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நோயாளியின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் நர்ஸ் வந்து பார்க்கும்வரை எதையும் ஊற்றக் கூடாது. சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக இறங்க விட வேண்டும். ஊற்றியவுடன் தலையைத் தாழ்த்தக் கூடாது. இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்தி டாக்டரை அழைக்க வேண்டும். வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் நுரையீரல் தொற்றைத் தடுக்க உதவும்.

சிரிஞ்சைக் கையில் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லிக்கொடுக்க எந்த நவீன இயந்திரமும் தேவையில்லை. யாரும் சொல்லாவிட்டால், நோயாளியின் வீட்டார் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தயங்க வேண்டியதில்லை.